சென்னையில் தினமும் ஓட்ட எலக்ட்ரிக் கார் சரிப்படுமா?

கேள்வி கேட்டவர் குரோம்பேட்டையில் அபார்ட்மெண்டில் குடியிருக்கிறார். சிறுசேரியில் ஆபீஸ். போக வர ஐம்பது கிலோமீட்டர், வாரத்தில் ஐந்து நாள். வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சொந்த ஊர் லால்குடி பக்கம், வருஷத்துக்கு நாலைந்து தடவை காரில்தான் போய் வருவார்கள். இருக்கும் பெட்ரோல் காரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எலக்ட்ரிக் கார் நம்மைப் போன்றவர்களுக்கு ஒத்துவருமா, இல்லை வசதியுள்ளவர்கள் இரண்டாவது காராக வைத்துக்கொள்வதற்குத்தானா என்பது அவர் கேள்வி.

நான் மின் வயரிங் வேலை பார்ப்பவன். சில வருஷமாக வீடுகளிலும் அபார்ட்மெண்டுகளிலும் கார் சார்ஜருக்கு லைன் இழுக்கும் வேலை நிறைய வருகிறது. நானும் எலக்ட்ரிக் கார்தான் ஓட்டுகிறேன். அந்த இரண்டு பக்கத்தையும் வைத்துத்தான் இந்தப் பதில்.

உங்கள் நிலைமைக்கு எலக்ட்ரிக் கார் சரிப்படும், நன்றாகவே சரிப்படும். ஆனால் ராத்திரி கார் நிற்கும் இடத்துக்கு உங்கள் சொந்த மீட்டரில் இருந்து ஒரு லைன் வரவேண்டும். அது வந்துவிட்டால் மீதி எல்லாமே சமாளிக்கக்கூடிய விஷயம். வராது என்று தெரிந்தால், எந்தக் கம்பெனி எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். எல்லோரும் ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) எவ்வளவு, பேட்டரி எத்தனை வருஷம் வரும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சென்னையைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது பார்க்கிங் பற்றித்தான்.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மாடவீதிகள், புரசைவாக்கம், ராயபுரம் மாதிரிப் பழைய பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கார் தெருவில்தான் நிற்கும். இன்றைக்கு இந்த வாசல், நாளைக்கு அடுத்த தெரு. மாடியில் இருந்து ஒயரைத் தொங்கவிட்டு நடைபாதையைத் தாண்டி சார்ஜ் போடுவது ஆபத்து, அதை யாருக்கும் நான் செய்து கொடுப்பதில்லை. அங்கே இருப்பவர்களுக்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பொருந்தும், கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போகும் பேட்டரி இருந்தால் இன்னும் நல்லது. கார் இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம்.

குரோம்பேட்டை, மடிப்பாக்கம், நங்கநல்லூர், மேடவாக்கம் பக்கம் கதை வேறு. இந்தப் பகுதி அபார்ட்மெண்டுகளில் பெரும்பாலும் தரைத்தளம் முழுக்கத் தூண்கள் நடுவில் கார் பார்க்கிங். ஈபி மீட்டர் போர்டும் அங்கேயேதான், மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும். உங்கள் மீட்டரில் இருந்து உங்கள் கார் நிற்கும் தூணுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் பைப் ஓட்டினால் போதும். இருபது மாடிக் கட்டடங்களில் இருப்பவர்கள் பேஸ்மெண்ட், தனி பேனல், பொது மீட்டர், கணக்குப் பிரித்தல் என்று அல்லாடும்போது, நம் நான்கு மாடிக் கட்டடங்களுக்கு இது பெரிய வசதி.

வீட்டு இணைப்பிலேயே சொந்தக் காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில் இருக்கிறது. அதனால் இதற்கென்று தனி இணைப்பு வாங்கித்தான் ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்று மட்டும் பாருங்கள். ஈபி அட்டையில் 3 கிலோவாட், 4 கிலோவாட் என்று பழைய கணக்கு இருந்தால், இரண்டு ஏசி, கீசரோடு காரும் சேரும்போது அதைக் கூட்டி எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

அசோசியேஷன் என்ன சொல்லும் என்பதுதான் உண்மையான தடை. பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து ஓர் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி இன்னும் மக்கள் மனதில் இருக்கிறது. அதன் பிறகு மத்திய அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளை இறுக்கியது, கார்களுக்கும் சேர்த்துத்தான். இப்போது வரும் கார்களில் பலவும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி. சூட்டைத் தாங்குவதில் மற்ற வகைகளைவிட இது மேல். இருந்தாலும் அசோசியேஷன் கூட்டத்தில் போய் இந்த ரசாயனப் பாடம் எடுப்பதில் பயன் இல்லை. அவர்கள் பயப்படுவது பொதுக் கரண்டை யார் திருடுவார்கள், தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்ற இரண்டுக்கும்தான். என் மீட்டர், என் லைன், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் போடுகிறார், பாதுகாப்பு ஸ்விட்சு இன்னது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். கட்டடத்தில் முதல் ஆளுக்குத்தான் சிரமம், இரண்டாவது ஆள் வரும்போது கேள்வியே இருக்காது.

லைன் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஷோரூமில் 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவரில் மாட்டும் வேகமான சார்ஜர்) வாங்கினால்தான் நல்லது என்பார்கள். உங்களுக்கு ஒரு நாள் ஓட்டம் 50 கிலோமீட்டர். அதற்குச் சுவரில் இருந்து எடுக்கும் கரண்ட் ஏறத்தாழ 8 யூனிட். காரோடு கொடுக்கும் சாதாரண 15 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு 3 யூனிட் ஏற்றினாலும் மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. கார் நிற்பதோ பத்து மணி நேரம். அதனால் வேகமான சார்ஜருக்கு முதலிலேயே காசு போடத் தேவையில்லை. அந்தக் காசை ஒயரிலும் எர்த்திலும் போடுங்கள்.

வீட்டில் மிக்ஸிக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் நேராக மாட்டக்கூடாது. அயர்ன் பாக்ஸ் சூடானதும் நின்று நின்று எரியும். கார் அப்படி இல்லை, மூன்று மணி நேரம் விடாமல் இழுக்கும். உள்ளே லூசாக ஒரு ஸ்க்ரூ இருந்தால் போதும், பிளக் பின் கறுத்து, பிளாஸ்டிக் இளகி, வாசனை வந்துவிடும். அப்படிக் கருகிய சாக்கெட்டுகளை நிறையக் கழற்றியிருக்கிறேன். மீட்டரில் இருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்.சி.பி. (லோடு கூடினால் விழும் ஸ்விட்சு), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்சு), மூடியோடு வரும் நீல நிறத் தொழிற்சாலை சாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் 7.2 கிலோவாட் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்துவிடுங்கள், மறுபடி பைப்பை உடைக்க வேண்டாம். இன்வெர்ட்டர் லைனில் மட்டும் இதைச் சேர்க்கவே கூடாது.

எர்த் இல்லாமல் எலக்ட்ரிக் கார் சார்ஜ் ஏறாது. இது பலருக்குத் தெரியாது. டிவி, ஃபேன் எல்லாம் எர்த் இல்லாமலே இருபது வருஷம் ஓடியிருக்கும். கார் சார்ஜர் அப்படி விடாது, சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். நங்கநல்லூரில் ஒரு வீட்டில் புதுக் காரை எடுத்து வந்த அன்றைக்கே சார்ஜர் கெட்டுப்போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் நாற்பது வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. அது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கட்டடம் கட்டியபோது போட்ட எர்த் குழியின் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், மண் வருஷக்கணக்கில் காய்ந்து கிடக்கிறது. செடித்தொட்டி ஓரமாகப் புதுக் குழி தோண்டிச் செம்பு ராடு இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி இணைத்ததும் பச்சை விளக்கு வந்தது. அந்த வீட்டில் அதுவரை குழந்தைகள் தொட்ட வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் எர்த் இல்லாமல்தான் இருந்திருக்கிறது. கார் வந்ததால் அது வெளியே தெரிந்தது. ஆகவே காரை புக் பண்ணும் முன்னால் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது செலவு. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று விளம்பரத்தில் சொல்வது சென்னை வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. நம் ஈபி பில் படிப்படியாக ஏறும் பில். இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டிவிட்டால், அடுத்த 100 யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 600 தாண்டினால் 9.65, 800 தாண்டினால் 10.70, 1000 தாண்டினால் 11.80. 2024 ஜூலையில் வந்த கட்டணம் இது. கார் குடிக்கும் கரண்ட் எப்போதும் மேல்படியில்தான் போய்ச் சேரும். இலவச 100 யூனிட்டையும் கீழ்ப்படியையும் வீட்டு ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும்.

உங்கள் கணக்கைப் போடுவோம். மாதம் 1,000 கிலோமீட்டர். நடுத்தர அளவுள்ள கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் போகும். அப்படியென்றால் மாதம் 150 யூனிட், பில்லுக்கு 300 யூனிட். வீட்டில் ஏற்கெனவே 600 யூனிட் ஓடுகிறது என்றால், கூடுவது 900 வரை. 200 யூனிட் 9.65 வீதம், 100 யூனிட் 10.70 வீதம், ஆக மொத்தம் 3,000 ரூபாய். மாதத்துக்கு 1,500, கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். மே, ஜூன் பில்லில் ஏசியால் 1,000 யூனிட் தாண்டும்போது இது ரூபாய் 1.80 வரை போகும். வீட்டில் ஏசி அதிகம் ஓடாமல் 300 யூனிட்டில் நிற்பவர்களுக்கு அதே 300 யூனிட் கூடினால் ஏறத்தாழ 2,200 ரூபாய்தான் கூடும். ஆனால் அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 500 என்ற கோட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த 2.35 ரூபாய் சலுகை விலை போய்விடும்.

பெட்ரோல் சென்னையில் லிட்டர் நூறு ரூபாய்க்குக் குறையாது. ஆட்டோமேட்டிக் கார், நம் ஊர் டிராஃபிக்கில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் நல்லது. 1,000 கிலோமீட்டருக்கு 8,400 ரூபாய் வரும். ஆக மாதம் 6,900 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு 80,000 ரூபாய்க்கு மேல். இதற்கு எதிரில் வண்டி விலையை வையுங்கள். எலக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். சின்ன பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் முதல் 18. தமிழ்நாட்டில் ரோடு டாக்ஸ் 10 லட்சத்தில் இருந்து 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 18 சதவீதம், அதாவது 12 லட்ச ரூபாய் பெட்ரோல் காருக்கு 2,16,000. எலக்ட்ரிக் காருக்கு இந்த வரியில் முழு விலக்கு கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த விலக்கு எப்போதும் காலக்கெடுவோடு வரும் அரசாணை, நிரந்தரம் இல்லை. புக் பண்ணும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு, ஷோரூம் கொடுக்கும் ஆன்ரோடு விலைக் காகிதத்தில் வரி என்ற வரிக்கு நேரே பூஜ்யம் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே மாதிரி இரண்டு கார்களுக்கு நடுவே மூன்று லட்சம் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஓட்டத்துக்கு அது நான்கு வருஷத்துக்குள் திரும்பிவிடும். மாதம் 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு ஒன்பது வருஷம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் கடைக்கும் மட்டும் காரை எடுப்பவர் காசு மிச்சம் என்ற காரணத்துக்காக எலக்ட்ரிக் கார் வாங்கக்கூடாது. ஓட்டம் அதிகம் உள்ளவருக்கே இது லாபம். வேலைக்கு மெட்ரோவிலும் மின்சார ரயிலிலும் போகிறவர், அதையே தொடர்ந்து செய்வதுதான் எல்லாவற்றையும்விட மலிவு.

வீட்டில் சார்ஜ் வசதி இல்லாமல், வெளியே ஃபாஸ்ட் சார்ஜரை நம்பியே ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். வெளியே யூனிட் 20 ரூபாயை ஒட்டி வரும், கூடுதலாகவும் இருக்கும். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனால் வாரத்தில் இரண்டு தடவை ஒரு மணி நேரம் ஒரு மாலின் பேஸ்மெண்டில் போய் உட்கார வேண்டும், போன இடத்தில் மெஷின் ரிப்பேர் என்றால் அடுத்த இடம் தேட வேண்டும். குடும்பஸ்தருக்கு அது தினசரி எரிச்சல்.

ரேஞ்சுக்கு வருவோம். விளம்பர எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டாடா நெக்ஸான் 45 கிலோவாட் அவர், அதாவது 45 யூனிட் கொள்ளும் பேட்டரி உள்ள காருக்குச் சோதனைக்கூட எண் 489 கிலோமீட்டர். நிஜத்தில் 350 முதல் 370 கிடைக்கும் என்று டாடாவே தனியாகச் சொல்கிறது. சென்னை வெயிலில் ஏசியோடு 300க்கு மேல் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. உங்களுக்கு ஒரு நாளைக்கு 50. ஆறு நாளில் ஒரு தடவை முழுதாக ஏற்றினாலே போதும் என்ற நிலை. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த இடங்களில் ஊர்ந்து போகும்போது பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. நடப்பது நேர்மாறு. கார் நின்றிருக்கும்போது மோட்டார் எதுவும் குடிக்காது. ஏசி மட்டும் ஓடும், மணிக்கு ஒன்று, கடும் வெயிலில் இரண்டு யூனிட் வரை போகலாம். ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் மாட்டினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ரேஞ்ச் குறையும், அவ்வளவுதான். பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிறது. பெட்ரோல் காருக்கு ஹைவேயில் மைலேஜ் கூடும், ஊருக்குள் குறையும். எலக்ட்ரிக் காருக்கு ஊருக்குள்தான் நல்ல மைலேஜ். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, அதிர்வு இல்லை. சிறுசேரியில் இருந்து வீடு வந்து சேரும்போது முழங்கால் வலிக்காது என்பதும் ஒரு லாபம்தான், பணக் கணக்கில் வராவிட்டாலும்.

வெயிலைப் பற்றி. பேட்டரிக்கு நாற்பது டிகிரி நல்லதல்ல என்பது உண்மை. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனப் பக்கம் ஓடிய முதல் தலைமுறை நிசான் லீஃப் கார்களில் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துபோனது. அதில் பேட்டரியைக் குளிர்விக்க திரவ ஏற்பாடு இல்லை. இப்போது நீங்கள் பார்க்கும் கார்களில் பெரும்பாலும் திரவக் குளிர்விப்பு இருக்கிறது, எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்பது வழக்கமாகிவிட்டது. வாங்கும் மாடலில் குளிர்விப்பு எந்த வகை என்று மட்டும் கேளுங்கள். கத்திரி வெயிலில் ஹைவேயில் ஓட்டி வந்த கையோடு ஃபாஸ்ட் சார்ஜ் போட்டால் பேட்டரி சூட்டால் வேகம் குறையும், அது கோளாறு இல்லை. அதே கத்திரியில் இன்னொரு யோசனை: ராத்திரி பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஏசி ஓடும், தெரு டிரான்ஸ்ஃபார்மர் திணறும், வோல்டேஜ் இருநூறுக்கு இறங்கும். சார்ஜிங் நேரத்தைக் காரின் ஆப்பில் அதிகாலை இரண்டு மணிக்கு வைத்துவிடுங்கள். உங்களுக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது.

மழைக்கு வருவோம், சென்னைக்காரர் கேட்காமல் விடமாட்டார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் அடுக்குமாடி வளாகத்துக்குள் கார்கள் மிதந்துபோனதை எல்லோரும் பார்த்தோம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எலக்ட்ரிக் காரின் பேட்டரி பெட்டி பெரும்பாலும் ஐபி67 தரம்: ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது. சாலையில் முழங்கால் தண்ணீரில் மெதுவாகக் கடக்கும்போது, பெட்ரோல் இஞ்சின் போலத் தண்ணீரை உள்ளே இழுத்து நின்றுபோகும் அபாயம் இதில் கிடையாது. ஆனால் அரை மணி நேரம் வேறு, இரண்டு நாள் வேறு. இரண்டு நாள் தண்ணீரில் ஊறிய காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவோ சார்ஜ் போடவோ கூடாது. தூக்கிப்போகும் வண்டியை வரவழைத்து சர்வீஸுக்கு அனுப்புவதுதான் வழி. இன்ஷூரன்ஸில் பேட்டரிக்குத் தனிப் பாதுகாப்பு கிடைக்கிறது, சில ஆயிரம் கூடினாலும் சென்னையில் அதை விடக்கூடாது. சார்ஜிங் சாக்கெட்டை நெஞ்சு உயரத்தில் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே காரை முழுதாக ஏற்றி மேடான இடத்தில் நிறுத்துங்கள். மிக்ஜாமின்போது தென்சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. குரோம்பேட்டையில் உங்கள் தெரு எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் தரைத்தளத்தில் தண்ணீர் நிற்கும் கட்டடம் என்றால், எந்தக் கார் வாங்கினாலும் அதே கவலைதான்.

லால்குடிப் பயணம் முடியாத காரியம் இல்லை, ஆனால் பெட்ரோல் காரில் போகிற மாதிரி நினைத்தபோது கிளம்பும் காரியமும் இல்லை. முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஹைவேயில் 90 வேகத்தில் 45 கிலோவாட் அவர் கார் 270, 280 போகும். 110ஐத் தொட்டால் வேகமாக இறங்கும். முழு சார்ஜோடு விடியற்காலை கிளம்பினால் விக்கிரவாண்டி, விழுப்புரம் பக்கம் டிபனுக்கு நிற்கும்போது பாதி இருக்கும். அங்கே நாற்பது நிமிஷம் போட்டால் 85 சதவீதம். அதற்குமேல் நிற்காதீர்கள், 80 தாண்டியதும் ஏறும் வேகம் படுத்துவிடும். மீதி தூரத்தை ஓட்டி ஊர் சேரும்போது கால்வாசி கையில் இருக்கும். சின்ன பேட்டரி, அதாவது 25 கிலோவாட் அவருக்குள் வரும் கார் என்றால் இரண்டு மூன்று இடத்தில் நிற்க வேண்டும். பிள்ளைகளோடு அது வேண்டாம்.

சார்ஜர் இருக்கிறது என்று மேப் சொல்வதை நம்பிப் போகக்கூடாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் ஆப், ஒவ்வொன்றிலும் முன்பணம். மூன்று நான்கு ஆப் கிளம்பும் முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும். அந்த மெஷினில் கடைசியாக யார், எப்போது ஏற்றினார்கள் என்பதைப் பாருங்கள்; இன்று காலை யாராவது ஏற்றியிருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடாமல் அடுத்த இடத்தை முடிவு செய்யுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதல் நாள் பரனூர் டோல்கேட்டில் கூட்டம் எப்படி நிற்குமோ, இரண்டு கன் மட்டும் உள்ள சார்ஜிங் ஸ்டேஷனிலும் அப்படித்தான் நிற்கும், ஆளுக்கு நாற்பது நிமிஷம். ஒரு நாள் முன்னதாகப் போங்கள், முடியாவிட்டால் அந்தத் தடவைக்கு ரயில்.

இதில் ஒரு விஷயம் என்னை உண்மையாகவே வருத்துகிறது. பெட்ரோல் பங்கில் எந்நேரமும் வெளிச்சம் இருக்கும், ஆள் இருப்பார், கழிப்பறை இருக்கும். ஹைவேயில் பல சார்ஜர்கள் ஹோட்டலுக்குப் பின்னால், ஆள் இல்லாத இருட்டு மூலையில் இருக்கின்றன. பெண்கள் தனியாகவோ குழந்தையோடோ ராத்திரி அங்கே நாற்பது நிமிஷம் உட்கார வேண்டும் என்றால் யார் தைரியமாகப் போவார்கள்? கூரையும் விளக்கும் ஒரு காவலாளியும் இருந்தால் போதும். இதைச் சரிசெய்யாமல் ஸ்டேஷன் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது போதாது. அதுவரை உங்கள் மனைவி தனியாக ஓட்டிப்போவதாக இருந்தால் பகல் பயணமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊரில் போய்ச் சேர்ந்த பிறகு மாமியார் வீட்டுப் பிளக்கில் போட்டால் ஏறுமா என்பது இன்னொன்று. அங்கேயும் எர்த், அங்கேயும் ஒயர். பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் சார்ஜர் நின்று நின்று ஓடும். அடுத்த முறை போகும்போது உள்ளூர் எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு நல்ல பாயிண்ட் போட்டு வைத்துவிடுங்கள், இரண்டு ராத்திரியில் முழுதாக ஏறிவிடும்.

சின்ன விஷயம் ஒன்று: எலக்ட்ரிக் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் ரிமோட்டில் கதவு திறக்காது, கார் கிளம்பாது. மூன்று வருஷம் ஆனதும் கேட்காமலே மாற்றிவிடுங்கள். டயரும் பெட்ரோல் காரைவிடக் கொஞ்சம் சீக்கிரம் தேயும், வண்டி எடையும் இழுவையும் அப்படி.

செகண்ட் ஹாண்டில் வாங்கலாமா என்று நினைத்தால், பேட்டரி ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்ற அறிக்கையைக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் வண்டியைத் தொடவேண்டாம். முதல் உரிமையாளருக்கு மட்டும் என்று சில வாரண்டி இருக்கிறது, அதையும் படித்துப் பாருங்கள்.

இப்போதே வாங்கலாமா, இரண்டு வருஷம் பொறுக்கலாமா? பொறுத்தால் இன்னும் நல்ல பேட்டரி வரும், மாடல்களும் கூடும். ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக் தயாராகிறது, தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்துவிட்டது. ஆனால் மாதம் 8,400 ரூபாய்க்குப் பெட்ரோல் போடும் நீங்கள் பொறுக்கும் ஒவ்வொரு மாதமும் ஏழாயிரத்தை விடுகிறீர்கள். இருக்கும் கார் உண்மையிலேயே மாற்றும் நிலைக்கு வந்துவிட்டது என்றால் காத்திருக்கக் காரணம் இல்லை. 40 முதல் 50 கிலோவாட் அவர் பேட்டரி, திரவக் குளிர்விப்பு, குறைந்தது 50 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜ் எடுக்கும் கார், இதற்குள் உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள். டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்காமல், வேலை நாளில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏசி போட்டு வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். பின் சீட்டில் தரை உயரமாக இருப்பதால் பெரியவர்களுக்குத் தொடை தூக்கி நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

ஆனால் ஷோரூமுக்குப் போகும் முன்னால் அசோசியேஷன் செயலாளரிடம் அந்த ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை அளந்துவிடுங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு.